பூக்கடைக்கு இணையதளம்: பூவைப் பார்க்காமலே பணம் கட்டுபவர் நம்ப என்னென்ன செய்யவேண்டும்?

கடைக்கு நேரில் வருபவர் சரத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பார். "நேத்துப் பூவா?" என்று ஒரு கேள்வி கேட்பார். திருப்தி என்றால் வாங்குவார், இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போவார். இணையத்தில் வாங்குபவருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. பெரும்பாலும் பணம் கட்டுபவர் ஓர் ஊரில் இருப்பார், பூவை வாங்கிக்கொள்பவர் இன்னோர் ஊரில் இருப்பார். பூ சரியில்லை என்று தெரியவரும்போது முகூர்த்தமே முடிந்திருக்கும். துணியைப் போல மறுநாள் மாற்றித் தரவும் முடியாது.

மதுரையில் மாமா நடத்தும் பூக்கடைக்கு இணையதளம் போடும் வேலை என்னிடம் வந்தது. தளத்தை உருவாக்குவது சுலபமாக முடிந்தது. அலைந்ததெல்லாம் காகிதங்களுக்கும், பணம் வாங்கும் வசதிக்கும், 'இந்தக் கடை நிஜமாகவே இருக்கிறதா?' என்று போனில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்வதற்கும்தான். நீங்கள் அதே அலைச்சலைப் படவேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன். தனி உரிமையாளர் நடத்தும் சிறிய கடையை மனதில் வைத்து எழுதியது. கம்பெனியாகப் பதிந்தவர்களுக்குக் காகிதங்கள் கொஞ்சம் மாறும்.

1. எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும்

தேவையானவை: உரிமையாளரின் பான், ஆதார், உத்யம் சான்றிதழ், மாநகராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமம், கடையின் பெயரில் ஒரு கரண்ட் அக்கவுன்ட்.

உத்யமில் தொடங்குங்கள். மத்திய அரசின் சிறுதொழில் பதிவு இது, முழுக்க இலவசம். ஆதாரும் பானும் இருந்தால் வீட்டிலிருந்தே பதிந்துவிடலாம். முதல் பொறியும் இங்கேதான். கூகுளில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி, 'பதிவுக் கட்டணம்' என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்க்காமல் ஆதார் எண்ணைத் தட்டாதீர்கள்.

கரண்ட் அக்கவுன்ட் திறக்க, கடை நடப்பதற்கான சான்றுகள் பொதுவாக இரண்டு கேட்பார்கள். உத்யமும் தொழில் உரிமமும் இருந்தால் போதும். மினிமம் பேலன்ஸ் எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், வங்கிக்கு வங்கி நிறையவே வித்தியாசம்.

எழுத்து ஒவ்வொன்றும் பொருந்தவேண்டும். கடைப் பெயரில் 'ஸ்ரீ' இருந்தால், அதை ஆங்கிலத்தில் ஒரு காகிதத்தில் எச் போட்டும் இன்னொன்றில் போடாமலும் எழுதியிருப்பார்கள். போர்டு எழுதியவருக்கு அது பெரிய விஷயம் இல்லை. பேமென்ட் கேட்வேயில் (இணையத்தில் கட்டும் பணத்தை வாங்கி உங்கள் கணக்குக்கு அனுப்பும் நிறுவனத்தில்) சரிபார்ப்பவருக்கு அது இரண்டு வேறு கடை. விண்ணப்பம் திரும்பி வரும், காரணமும் தெளிவாகச் சொல்லமாட்டார்கள்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. புதிய பூக்களுக்கு வரி இல்லை. வரியில்லாத பொருளை மட்டும் விற்பவர் ஜிஎஸ்டி பதிவு செய்யவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் பொக்கேயோடு சாக்லேட், பொம்மை என்று சேர்க்க ஆரம்பித்தால் கணக்கு மாறும். மண்டப அலங்காரம் என்பது சேவை, அதற்கு வரி உண்டு. பதிவு கட்டாயமாகும் ஆண்டு விற்றுமுதல் வரம்பு, தமிழ்நாட்டில் சேவையும் செய்பவருக்கு 20 லட்சம், பொருள் மட்டும் விற்பவருக்கு 40 லட்சம். இந்த வரம்பைப் பார்க்கும்போது வரியில்லாத பூ விற்பனையும் மொத்தத்தில் சேரும். அலங்கார ஆர்டர் எடுப்பவர்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். கேக், இனிப்பு சேர்ப்பதாக இருந்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும்.

2. தள முகவரி, பூட்டு

'டாட் இன்' முகவரி ஆண்டுக்குப் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். முதல் ஆண்டு விலையைப் பார்த்து மயங்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். முகவரியை வெப் டிசைனர் தன் பெயரில் வாங்க விடாதீர்கள். பிறகு அவரோடு மனத்தாங்கல் வந்தால் கடைப் பெயரே அவர் கையில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது பூட்டு, அதாவது வாடிக்கையாளர் தரும் விவரத்தை இடையில் யாரும் படிக்காமல் காக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ். அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு வழியாக இலவசமாகவே கிடைக்கிறது, தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவும் அவர்களே போட்டுத் தருகிறார்கள். அது இல்லாவிட்டால் குரோம் உங்கள் கடை முகவரிக்குப் பக்கத்திலேயே 'பாதுகாப்பற்றது' என்று காட்டும். அதைப் பார்த்தபின் யாரும் கார்டு எண்ணைத் தரமாட்டார்கள்.

3. கடை இருக்கிறது என்று காட்டுங்கள்

பூ அனுப்பும் தளங்களில் பலவற்றுக்குச் சொந்தக் கடையே கிடையாது. ஆர்டரை வாங்கி, கமிஷனை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உள்ளூர்க் கடைக்குத் தள்ளிவிடுவார்கள். ஆயிரத்துக்கு ஆர்டர் கொடுத்தவருக்கு அறுநூறு ரூபாய்ப் பூ போய்ச் சேரும். ஒருமுறை இப்படி ஏமாந்தவர் உங்கள் தளத்தையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார். உங்களிடம் நிஜக் கடை இருப்பதுதான் உங்கள் பலம், அதை ஒளித்துவைக்காதீர்கள்.

கடையின் போர்டு தெரிகிற மாதிரி ஒரு படம், பூக்கட்டுபவர்கள் உட்கார்ந்து வேலை செய்யும் படம் ஒன்று (அவர்களிடம் கேட்டுவிட்டு), கதவு எண்ணோடு முழு முகவரி, கடை திறக்கும் நேரம், எடுத்துப் பேசுகிற ஒரு போன் எண். எண்ணைப் போட்டுவிட்டு எடுக்காமல் இருப்பதைவிடப் போடாமலே இருக்கலாம். மாமா கடையில் காலை மார்க்கெட் நேரத்தில் யாருக்கும் கை ஒழியாது. அதனால் 'காலை 9 மணிக்கு மேல் அழைக்கவும், அதற்குமுன் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்' என்று தளத்திலேயே போட்டோம். 'போனே எடுக்கமாட்டேங்கிறீங்க' என்ற குறை அதோடு நின்றது.

இது வெறும் மரியாதைக்காகச் செய்வதும் இல்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள்படி, சொந்தத் தளத்தில் பொருள் விற்பவர் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலரின் பெயர், பதவி, தொடர்பு எண் எல்லாவற்றையும் தளத்தில் காட்டவேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். சின்னக் கடையில் குறைதீர் அலுவலர் யார் என்று சிரிக்காதீர்கள். நீங்களேதான். உங்கள் பெயரைப் போடுங்கள்.

கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலையும் இதோடு முடித்துவிடுங்கள். இலவசம். கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிச் சரிபார்ப்பார்கள்; தெரு, போர்டு, உள்ளே வேலை நடப்பது என ஒரே ஓட்டத்தில் எடுங்கள். 'கூகுளிலிருந்து பேசுகிறோம், பட்டியலில் வர இவ்வளவு கட்டுங்கள்' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

4. முழத்தைச் சென்டிமீட்டரில் சொல்லுங்கள்

அதிகமான சண்டை வருவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முழம் என்றால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. யார் கை? உயரமான ஆள் அளந்தால் ஒன்று, கடைப் பையன் அளந்தால் ஒன்று. நேரில் வாங்கும்போது கண்ணெதிரே அளப்பதால் யாரும் கேட்பதில்லை. தளத்தில் '1 முழம்' என்று மட்டும் போட்டால் வீட்டுக்கு வந்த சரத்தை அவர் தன் கையால் அளந்து பார்த்து, குறைகிறது என்பார். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் மெட்ரிக் அளவில்தான் விலை சொல்லவேண்டும் என்கிறது. ஆகவே 45 செ.மீ., 90 செ.மீ. என்று நீளத்தைப் போட்டு, பக்கத்தில் புரிதலுக்காக முழத்தைச் சொல்லுங்கள். சரத்தோடு ஒரு டேப்பை வைத்துப் படம் எடுத்துப் போட்டால் பேச்சே இல்லை.

நீளம் மட்டும் போதாது. நெருக்கமாகக் கட்டிய சரத்துக்கும் இடைவெளி விட்டுக் கட்டியதற்கும் ஒரே நீளத்தில் பூவின் எடை வெகுவாக மாறும். எங்கள் கடையில் ஒவ்வொரு வகையையும் கட்டி முடித்துத் தராசில் வைத்து, கிராமையும் எழுதினோம். உதிரிப்பூவுக்கு எடை மட்டும் போதும். மணமாலைக்கு நீளம், என்னென்ன பூ, நூல் நாரா பட்டு நூலா, பின்பக்கமும் பூ உண்டா என்பதெல்லாம் வரவேண்டும். பின்பக்கம் வெறுமையாக இருக்கும் மாலையை முன்பக்கம் மட்டும் படம் எடுத்துப் போடுவது பலர் செய்கிற வேலை. மேடையில் மாலை மாற்றும்போது அது எல்லார் கண்ணிலும் படும்.

அடுத்தது, மல்லி. அதிகாலையில் மொட்டாகப் பறித்து, மொட்டாகவே கட்டுகிறோம். அது சாயங்காலம்தான் விரியும். உள்ளூர்க்காரருக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. தளத்தில் விரிந்த பூவின் படத்தைப் பார்த்து வாங்கும் வெளியூர்க்காரர், காலை பத்து மணிக்குப் பச்சை மொட்டு வந்தால் 'பூக்காத பூவை அனுப்பிவிட்டார்கள்' என்று நினைப்பார். அதே சரத்தைக் காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம் எடுத்து, நேரத்தை அடியில் எழுதிவிடுங்கள். வெயிலில் எடுங்கள், ஃபில்டர் வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் அழகான படங்களையும் எடுத்துப் போடாதீர்கள். படத்தை வைத்துத் தேடினால் அது யாருடையது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

'மதுரை மல்லி' என்ற பெயருக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதாவது அந்தப் பகுதிப் பூவுக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. பனிக்காலத்தில் வரத்து குறையும்போது வேறு பகுதிப் பூ வரும். அன்றைக்கு அந்தப் பெயரைப் போடாமல் வெறும் 'மல்லி' என்றே போடுங்கள்.

5. விலை: இன்றைக்கு எவ்வளவு, எதுவரை?

தை முகூர்த்தத்துக்கு முன் மல்லி கிலோ சில ஆயிரங்களைத் தொடும், வரத்து கூடினால் சில நூறுகளுக்கு இறங்கும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காலையில் நிலவரம் தெரிந்தபின்தான் யாருக்கும் விலை தெரியும். தளத்தில் ஆண்டு முழுக்க ஒரே விலையைப் போட்டுவிட்டு, ஆர்டர் வந்தபிறகு போன் செய்து 'இன்னைக்கு ரேட் ஏறிப்போச்சு, இருநூறு சேர்த்துக் குடுங்க' என்றால் அந்த வாடிக்கையாளர் போனவர் போனவர்தான்.

இரண்டு வழி உண்டு. தினமும் காலையில் விலையை மாற்றி, 'இந்த விலை இன்று இரவு வரை' என்று எழுதலாம். இல்லையென்றால் முன்பதிவுகளுக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு நிலையான விலை வைத்து, ஏற்றமோ இறக்கமோ அதைக் கடையே ஏற்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். லாபம் சில நாட்களில் குறையும், ஆனால் ஒப்புக்கொண்ட விலையில் கொடுத்தார்கள் என்ற பெயர் நிற்கும்.

டெலிவரிக் கட்டணத்தை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசிக் கட்டத்தில் 'பேக்கிங் 40, கையாளும் கட்டணம் 30' என்று முளைப்பதும், கேட்காமலே வாழ்த்து அட்டையைக் கூடையில் சேர்ப்பதும், 'இன்னும் 2 மட்டுமே மீதம்' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் 'இருண்ட உத்திகள்' (டார்க் பேட்டர்ன்ஸ், அதாவது வாங்குபவரை ஏமாற்றும் தள வடிவமைப்புகள்) குறித்து 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதலின்படி தடைசெய்யப்பட்டவை. தளம் செய்து தருபவர்கள் இதையெல்லாம் 'விற்பனை கூடும்' என்று சொல்லித் தானாகவே போட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றாக நீக்கச் சொல்லுங்கள்.

6. டெலிவரி: முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்

எந்தெந்தப் பின்கோடுக்குக் கொடுப்பீர்கள் என்று பட்டியல் போடுங்கள். 'தமிழ்நாடு முழுவதும்' என்று எழுதிவிட்டு, விழிப்பது வேண்டாம். நேரத்தை 'காலை 6 முதல் 8' என்று இரண்டு மணி நேர இடைவெளியாகச் சொல்லுங்கள். முகூர்த்த மாலைக்கு மட்டும் தனி ஏற்பாடு. முதல்நாள் சாயங்காலமே, மண்டபத்தில் பெறுபவரின் எண்ணுக்கு ஒருமுறை அழைத்து உறுதி செய்யுங்கள். பூட்டிய மண்டபத்தின் முன்னால் விடிகாலையில் மாலையோடு நிற்கும் பையனுக்கு வாட்ச்மேன் எண் தெரியவில்லை என்றால், அந்தத் தாமதத்துக்கும் பழி உங்களுக்குத்தான்.

கடையிலிருந்து கிளம்பும்முன் ஒரு படம், கொடுத்தபின் ஒரு படம், பணம் கட்டியவருக்கு வாட்ஸ்அப்பில். இதற்கு ஒரு செலவும் இல்லை. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு அம்மாவின் பிறந்தநாளுக்குப் பூ அனுப்புபவருக்கு அந்த இரண்டு படமும்தான் எல்லாம். பெறுபவரின் முகத்தை அவர் சம்மதிக்காமல் எடுக்காதீர்கள்.

பெறுபவரின் எண் உங்களிடம் வந்தது பூ கொடுப்பதற்காக மட்டும். அடுத்த மாதம் அதே எண்ணுக்கு ஆஃபர் மெசேஜ் அனுப்பாதீர்கள். தனியுரிமைப் பக்கத்தில் இதைத் தெளிவாக எழுதுங்கள். இன்னொன்று, மலர்வளையம் ஆர்டர் செய்தவருக்குத் தளம் தானாக அனுப்பும் செய்தியில் 'உங்கள் இனிய தருணத்தில் பங்கெடுப்பதில் மகிழ்ச்சி' என்று போய்விடக் கூடாது. அதற்குத் தனிச் செய்தி எழுதி வையுங்கள்.

7. பணம் திருப்பித் தரும் விதி

'பூ விரைவில் வாடும் பொருள் என்பதால் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படமாட்டாது.' பத்தில் ஒன்பது பூக்கடைத் தளங்களில் இப்படி ஒரு வரி இருக்கும் போலிருக்கிறது. இது செல்லாது. குறையுள்ள பொருள், விளம்பரத்தில் காட்டியதிலிருந்து மாறுபட்ட பொருள், சொன்ன நேரத்துக்குப் பிறகு வந்த பொருள் ஆகியவற்றைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுக்கக்கூடாது என்று அதே 2020 விதிகள் சொல்கின்றன. இயற்கைச் சீற்றம் போன்ற காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு. வாடிக்கையாளர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தால் உங்கள் அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றாது.

விதியைத் தமிழிலேயே, சாதாரணமாக எழுதுங்கள். எங்கள் தளத்தில் இருப்பது ஏறக்குறைய இப்படி:

'பூ வாடியோ உதிர்ந்தோ வந்தால், பெற்ற 2 மணி நேரத்துக்குள் படம் அனுப்புங்கள். நேரம் இருந்தால் மாற்றுப் பூ அனுப்புவோம், இல்லையென்றால் முழுப் பணமும் திரும்ப வரும். சொன்ன நேரத்தைத் தாண்டி வந்த முகூர்த்த மாலைக்குப் பணம் வாங்கமாட்டோம்.'

கேட்ட பூ கிடைக்காத நாள் வரும். அப்போது என்ன செய்வது என்பதை ஆர்டர் போடும்போதே கேட்டுவிடுங்கள்: அதே விலைக்கு வேறு பூவா, பணமா? இரண்டு கட்டத்தையும் காலியாக விடுங்கள். முன்கூட்டியே டிக் போட்டு வைப்பது விதிப்படி சம்மதம் ஆகாது.

8. பணம் வாங்கும் வழி

ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ என்று பல கேட்வேக்கள் உண்டு. விண்ணப்பிக்கும்போது தளம் முழுதாக இயங்கவேண்டும். தொடர்பு, நிபந்தனை, தனியுரிமை, டெலிவரி, பணம் திருப்புதல் ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதனால்தான் இதை எட்டாவதாக வைத்தேன். முதலிலேயே விண்ணப்பித்தால் அரைகுறைத் தளத்தைப் பார்த்து நிராகரிப்பார்கள்.

கட்டணம் பொதுவாக 2 சதவீதம் அளவில், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய்க்கு 23 ரூபாய் 60 காசு போகும். பணம் கைக்கு வர வழக்கமாக இரண்டு வேலைநாள். பொங்கல் விடுமுறை குறுக்கே வந்தால் இன்னும் தள்ளும். மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் அதுவரை காத்திருக்கமாட்டார், கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பினாலும் கேட்வே தன் கட்டணத்தைப் பெரும்பாலும் திருப்பித் தராது. வெளிநாட்டுக் கார்டுகளுக்குத் தனியாக அனுமதி கேட்கவேண்டும், கட்டணமும் கூடுதல்.

சொந்த யுபிஐ எண்ணுக்கு வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். கடைப் பெயரைப் பார்த்து வந்தவருக்கு, பணம் கட்டும் திரையில் யாரோ ஒரு தனிநபர் பெயர் வந்தால் கை தயங்கும். கடைப் பெயர் தெரிகிற வணிகக் கணக்கையே வையுங்கள்.

9. விமர்சனங்கள்

சொந்தக்காரர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போடவைக்காதீர்கள். வாடிக்கையாளர் வேடத்தில் கடைக்காரரே விமர்சனம் எழுதுவதை விதிகள் தடுக்கின்றன, தள்ளுபடி கொடுத்து விமர்சனம் வாங்குவதைக் கூகுளும் ஏற்பதில்லை. டெலிவரி ஆன மறுநாள் கூகுள் இணைப்பை ஒருமுறை மட்டும் அனுப்புங்கள். திட்டி எழுதியவருக்கு என்ன நடந்தது, என்ன செய்தோம் என்று மூன்று வரியில் பதில் போதும். புதிதாக வருபவர் நல்ல விமர்சனங்களைவிட அந்தப் பதிலைத்தான் கவனமாகப் படிப்பார்.

10. எப்போது தொடங்குவது?

காகிதங்கள், வங்கிக் கணக்கு, தளம், கேட்வே என எல்லாம் சேர்த்து இரண்டு மாதம் ஒதுக்கிவையுங்கள். தை முகூர்த்தத்தையோ பிப்ரவரி 14-ஐயோ குறிவைத்துத் திறக்காதீர்கள். வேலை பழகாத தளம், ஏறிய விலை, கிடைக்காத டெலிவரிப் பையன்கள் எல்லாம் ஒரே நாளில் சேரும். ஆடியில் கல்யாணம் இருக்காது, ஆனால் கோயில், வெள்ளிக்கிழமைப் பூஜை என்று தினசரிப் பூ ஓடும். அப்போது தெரிந்தவர்கள் வட்டத்தில் சின்ன ஆர்டர்களாக எடுத்து, டெலிவரி, படம் அனுப்புவது, பணம் திருப்புவது மூன்றையும் ஒருமுறையாவது நிஜமாகச் செய்து பாருங்கள். மண்டப ஆர்டர்களை ஆவணியில் திறந்துகொள்ளலாம்.